நடும் நாள் தெரியாத பிசானம்

1901-இல் தொடங்கும் மழைக் கணக்கில் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட், 2023 ஆகஸ்ட்தான். அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, ஆற்றோரத்து இளம் பிசான நெல் (வடகிழக்குப் பருவமழையை நம்பி நடும் பயிர்) மணலுக்கு அடியில் போனது. இரண்டையும் கூட்டி வகுத்தால் 2023 நெல்லைச் சீமைக்கு நல்ல மழை ஆண்டு என்றுதான் வரும். வயலுக்கு அந்தச் சராசரியால் காலணா பிரயோசனம் இல்லை.

தாமிரபரணிப் பாசனம் தேதியை நம்பிக் கட்டப்பட்டது. பொதிகையில் பிறக்கும் ஆற்றுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் பாபநாசம் அணை ஏறினால் ஜூன் முதல் தேதியை ஒட்டி கார் நெல்லுக்குத் தண்ணீர். ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் பிடித்ததும் பிசானம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு, 11 கால்வாய், 86,107 ஏக்கர் ஆயக்கட்டு (பாசன நிலம்). மேல்கால்வாய்க்காரர் நட்டு முடித்த பிறகும் மருதூர், ஸ்ரீவைகுண்டம் கடைமடையில் தொழி அடிக்க, அதாவது சேறடிக்க, தண்ணீருக்குக் காத்திருப்பது பழைய கதை. புதிதாக வந்திருப்பது, திறக்கும் தேதியே நகர்வதும், திறந்தபின் 40 நாளில் வர வேண்டிய மழை 2 நாளில் வருவதும்.

இதற்கு ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் என்ன செய்ய முடியும்? அணையைத் திறப்பது அவர் கையில் இல்லை. எந்த நெல்லை எந்த நாளில் எத்தனை நாள் நாற்றாக நடுவது என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது. அந்த முடிவைச் செலவில்லாமல் தள்ளிப்போடக்கூடிய ஒரே இடம் நாற்றங்கால். காலநிலை மாற்றம் என்று கூட்டம் போட்டால் பேச்சு சோலார் பம்புக்கும் டிரோனுக்கும் போய்விடுகிறது. 8 சென்ட் நாற்றங்காலைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் அதைவிடப் பலன் உண்டு.

நாற்றின் வயதுக்குப் பழைய கணக்கு, பயிரின் மாதத்துக்கு ஒரு வாரம். 105 முதல் 115 நாள் வரை ஓடும் அம்பை 16, ஆடுதுறை 45, கோ 51 போன்ற குறுகிய கால ரகங்களை 18 முதல் 22 நாளுக்குள் நட வேண்டும். 125-135 நாள் மத்திய கால ரகங்களுக்கு 25-30 நாள். 155 நாளுக்கு மேல் போகும் சி.ஆர். 1009 வகைக்கு 35-40 நாள். இங்கேதான் முரண். தண்ணீர் தாமதமாகும் என்று பயந்து குறுகிய கால ரகத்தை எடுக்கிறோம்; அதே ரகத்துக்குத்தான் காத்திருக்கும் பொறுமை குறைவு. 35 நாள் ஆன அம்பை 16 நாற்றை நட்டால் மூன்று வாரத்துக்குள் தாய்த்தூரில் சின்னக் கதிர் எட்டிப் பார்க்கும். பிறகு தூர் (பக்கத்தில் கிளைக்கும் தண்டு) கட்டாது.

ஆகவே விதையை ஒரே நாளில் முழுவதும் பாவ வேண்டாம். ஏக்கருக்குக் குறுகிய கால ரகம் என்றால் 24 கிலோ, மத்திய காலம் 16, நீண்ட காலம் 12. குறுகிய கால ரகத்தில் 16 கிலோவை முதலில் பாவி, 11 நாள் கழித்து 12 கிலோவை இன்னொரு துண்டில் பாவினால் கூடுதல் செலவு 4 கிலோ விதையும் கொஞ்சம் இடமும்தான். அக்டோபர் 18-இல் முதல் பாவல், 29-இல் இரண்டாவது என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 8-இல் நட முடிந்தால் முதல் நாற்றுக்கு 21 நாள், சரியான பருவம். மிச்ச நிலத்தைச் சில நாள் கழித்து இரண்டாவது நாற்றால் முடிக்கலாம். நவம்பர் 20-க்குத்தான் தண்ணீர் எட்டியது என்றால் முதல் நாற்றுக்கு 33 நாள், முற்றிவிட்டது. இரண்டாவதுக்கு 22 நாள். அந்த நாற்று பாதி நிலத்தையாவது ஒழுங்கான விளைச்சலில் வைக்கும்.

கால்வாய்த் தண்ணீர் வருமுன் பாவ, கிணறு உள்ளவர் நிலம் வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கிணற்றடியில் நாற்றங்கால் போடுவதே மலிவு. சேரும்போது இரண்டு விஷயத்தை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்: மோட்டார் ஓட்டும் ஆளுக்கு என்ன கூலி, தண்ணீர் வந்த அன்று யார் நாற்று முதலில் பறிக்கப்படும். இரண்டாவதைப் பேசாமல் விட்டதால் அடுத்த ஆண்டு கலைந்துபோன கூட்டங்கள்தான் அதிகம்.

விதைத் தேர்வில் கைவைக்காதவர்கள் பலர். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து நெல்லைக் கொட்டினால் சொத்தையும் அரைகுறையும் மிதக்கும். மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு குறையும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் பாக்டீரியா) கலந்து ஊற வைக்கலாம். கனமான விதையிலிருந்து வரும் நாற்று இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலும் தாங்குவதற்கு, விதைக்குள் மிச்சமிருக்கும் மாவுச்சத்துதான் காரணம்.

நாற்றுக்கு உரம் போடுவதிலும் வயதுதான் கணக்கு. 20-25 நாளில் பறிப்பது உறுதி என்றால் சென்ட்டுக்கு 2 கிலோ டி.ஏ.பி.யை அடியுரமாகப் போடலாம். பறிக்கும் நாள் தெரியாதபோது அடியில் போடாமல், நாள் உறுதியானதும் பறிப்பதற்குப் பத்து நாள் முன்பு போடுவதே நல்லது. முன்னதாகப் போட்டால் நாற்று வளர்ந்து சாய்ந்து காத்திருக்கும். களிமண்ணில் பறிக்கும்போது வேர் அறுகிறதென்றால், பாவிய பத்தாம் நாள் சென்ட்டுக்கு 4 கிலோ ஜிப்சமும் 1 கிலோ டி.ஏ.பி.யும். சேறடிக்காத புழுதி நாற்றங்கால் இன்னொரு வழி. மண்ணைப் பொடியாக உழுது, ஒன்றரை மீட்டர் அகலப் பாத்தி போட்டு, இடையே ஓரடி வாய்க்கால் விட்டு, விதையைத் தூவி மக்கிய தொழுவுரத்தால் மூடித் தண்ணீர் காட்ட வேண்டும். நாற்று குட்டையாக, தடித்து வரும். மணல் கலந்த மண்ணுக்குத்தான் இது ஏற்றது.

அப்படியும் நாற்று முற்றிவிட்டால்? வழக்கமாகச் செய்வது, கை நிறைய எட்டுப் பத்து நாற்றைக் குத்தாக அமுக்குவது. முற்றிய நாற்று தூர் கட்டாது, எண்ணிக்கையை நாமே கூட்டிவிடலாம் என்ற நினைப்பு. நடப்பது நேர் எதிர். நெருக்கிய குத்தில் புதுத் தூர் வெளியே வர இடமில்லை. நல்ல கதிர் தரப்போவதோ அந்தப் புதுத் தூர்தான். குத்துக்கு இரண்டு மூன்று நாற்றுக்கு மேல் வேண்டாம், குத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அடியுரத் தழைச்சத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். ஏக்கருக்கு 26 கிலோ யூரியா அடியில் போடும் இடத்தில் 39 கிலோ. அடுத்தடுத்த மேலுரம் வழக்கம்போல. நாற்றின் நுனியை நான்கு விரல் கிள்ளி நட்டால் அதில் ஒட்டியிருக்கும் தண்டுத் துளைப்பான் முட்டையும் போய்விடும்.

நாற்றே வேண்டாம் என்று உருளை விதைப்பான் பக்கம் போகிறவர்கள் கூடிவருகிறார்கள். ஏக்கருக்கு 24 கிலோ, 24 மணி நேரம் ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை இலேசாக வெடித்ததும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி இழுக்க வேண்டும். முளை நீண்டுவிட்டால் துளையில் சிக்கி ஒடியும். பயிர் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக அறுப்புக்கு வரும், நடுவைக் கூலி மிச்சம். ஆனால் பிசானத்தில் இதற்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. விதைத்த முதல் மூன்று நாளில் அரை மணி நேரக் கனமழை போதும். விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். எனவே விதைக்குமுன் மூன்று மீட்டருக்கு ஒரு வடிசால் இழுத்து, வாமடையை (வயலின் வாய்மடையை) திறந்தே வைத்திருக்க வேண்டும். களையும் நெல்லும் ஒரே நாளில் முளைப்பதால் முதல் 30 நாள் களை எடுக்க ஆள் இல்லாதவர் இதைத் தொடாமல் இருப்பது மேல். காருக்கு இது பிசானத்தைவிடப் பொருந்தும்.

தண்ணீர் ரொம்பவும் பிந்தி மார்கழியில்தான் நட முடியும் என்றால், வீம்புக்கு மத்திய கால ரகம் நட வேண்டாம். பங்குனி வெயிலில் பூக்கும். நெல் பூப்பது காலை 9-லிருந்து 11 மணி வாக்கில். அந்த நேரத்தில் 35 பாகைக்கு மேல் சுட்டால் மகரந்தம் செத்து மணி பதராகும். அணையில் தண்ணீரும் அப்போது அடிமட்டத்தில் இருக்கும். மேலே பார்த்தால் கதிர் நிமிர்ந்து நிற்கும், தூற்றும்போதுதான் உண்மை தெரியும்.

இனி வெள்ளம். தண்ணீர் இல்லாததற்கு ஆயத்தம் செய்பவர்கள்கூட வடிகாலை மறந்துவிடுகிறார்கள். நம் நஞ்சையில் வயலுக்கு வயல் பாய்ச்சல், வடிவதும் அப்படியே. என் வயல் வடிய வேண்டுமென்றால் கீழ் வயல்காரர் வரப்பு வெட்ட வேண்டும், அவருக்குக் கீழே ஓடையில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) அடைத்திருக்கக் கூடாது. புரட்டாசியில், தண்ணீர் வருமுன், ஒரு மடைப் பாசனக்காரர்கள் சேர்ந்து வடிகால் ஓடையைக் கடைசி வரை நடந்து பார்ப்பதற்கு ஒரு முற்பகல் போதும். வயலில் வெளிமடையை ஒரே இடத்தில் ஆழமாக வைக்காமல், இரண்டு மூலையில் கல் பாவி அகலமாக வைத்தால் வரப்பு அறுந்து மண்ணோடு போவது குறையும்.

மூழ்கினாலும் பிழைக்கும் ரகங்கள் உண்டு. சி.ஆர். 1009 சப் 1, ஸ்வர்ணா சப் 1 இரண்டும் இரண்டு வாரம் வரை முழு மூழ்கலைத் தாங்கும். சாதாரண நெல் மூழ்கியதும் மூச்சுக்காக நீண்டு வளர்ந்து, கையிருப்பு மாவுச்சத்தைச் செலவழித்துத் தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப் 1 மரபணு உள்ளது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். விதை விற்பவர் சொல்லாத மூன்று விஷயம்: பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இந்த மரபணு காப்பாற்றாது, முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்குவதற்கும் இது மருந்தில்லை, மணல் மூடினால் எந்த ரகமும் ஒன்றுதான். தவிர சி.ஆர். 1009-க்குப் பங்குனி வரை தண்ணீர் வேண்டும். அடிக்கடி மூழ்கும் பள்ளமான வயலுக்குக் கிணற்றுத் துணை இருந்தால் சரி, கடைமடைக்கு இது தோதுப்படாது.

வடிந்த அன்றே யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வேர் அழுகி மூச்சுத் திணறி நிற்கும் பயிர் உரத்தை எடுக்காது. போட்டது தண்ணீரோடு போகும். முதலில் முழுக்க வடித்து, இலையில் படிந்த சேற்றைத் தெளிந்த தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து குத்தை இழுத்துப் பாருங்கள். அடித்தண்டை அழுத்தினால் நாற்றத்தோடு குழைகிறதா, இல்லை கெட்டியாக இருந்து நாலைந்து நாளில் வெள்ளை வேர் விடுகிறதா? வெள்ளை வேர் கண்டபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவலாம். வேளாண் துறை சொல்லும் அளவும் இதுதான். தேங்கிய வயலில் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போகும். கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளி விழுந்தால் 200 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ ஜிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா கரைத்து ஏக்கருக்குத் தெளிக்க வேண்டும்.

செத்த குத்துகளின் இடத்துக்குப் புது நாற்று தேடி அலைய வேண்டாம். அதே வயலில் நன்றாகத் தூர் கட்டிய குத்தைப் பிரித்து நட்டால் எல்லாம் ஒரே நாளில் முற்றும். புது நாற்றை இடையே சொருகினால் அறுக்கும்போது பாதி பச்சை, பாதி உதிர்ந்திருக்கும். மணல் மூடிய வயலுக்கு வேறு கணக்கு. கலப்பை முனை மணலைத் தாண்டி அடிமண்ணைத் தொடும் என்றால் ஆழ உழுது கலக்கி, தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45-ஆம் நாள் மடக்கி உழலாம். தொடவில்லை என்றால் மணலை அள்ளித்தான் தீர வேண்டும். அள்ளுமுன் வருவாய்த் துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்காவிட்டால் வண்டி பிடிபடும்.

நீர் மிச்சப்படுத்த காய்ச்சலும் பாய்ச்சலும் (வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுவது) என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். ஓரடி நீளப் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, துளை உள்ள 15 செ.மீ.யை மண்ணுக்குள் இறக்கி உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் விலக்கு. நல்ல முறைதான். ஆனால் அது கிணற்றுக்காரருக்கு. முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் இன்று விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாதவரிடம் குழாயைப் பார்த்துக் காத்திரு என்றால் அவர் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. கால்வாய் முழுவதும் முறை ஒழுங்காக ஓடினால்தான் தனி வயலில் சிக்கனம் சாத்தியம்.

மானூர், கங்கைகொண்டான், கயத்தாறு பக்கத்துக் கரிசல் மானாவாரிக்கு அணையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. முதல் மழையில் நாலு விரல் நனைந்ததைக் கண்டு உளுந்தை விதைத்து, பிறகு 15 நாள் வெயிலில் முளை கருகுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. நேர்ப்பக்கமுள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து அளவுகோலால் அளந்தால் மழைமானி ஆயிற்று. 25 மி.மீ.க்குக் குறைந்த ஒற்றை மழைக்கு விதைக்கக் கூடாது. ஒரு கம்பியைக் குத்தி எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும். மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் சோளம், பருத்திக்கு விதை 5 செ.மீ. ஆழம் போக வேண்டும். சிறு தூறல் அங்கே எட்டாது, முளைக்கப் போதுமான மழைக்குத்தான் விதை விழிக்கும்.

உளுந்து ஏக்கருக்கு 8 கிலோ. வம்பன் 8 போன்ற, மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் 65-75 நாள் ரகமாகப் பாருங்கள். விதையைக் கடினப்படுத்த 10 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் ஜிங்க் சல்பேட் கரைத்து, கிலோவுக்கு 350 மில்லி வீதம் 8 கிலோவுக்கு 2.8 லிட்டர் எடுத்து, 3 மணி நேரம் ஊறவைத்து நிழலில் பழைய எடைக்குக் காய வைக்க வேண்டும். கரைசல் மிஞ்சுகிறதே என்று விதையை மிதக்க விடாதீர்கள்; தோல் உரிந்துவிடும். பூக்கத் தொடங்கும்போதும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி.: 4 கிலோவை முந்தின இரவு ஊறவைத்துத் தெளிவை இறுத்து 200 லிட்டராக்கித் தெளிக்கலாம். முதல் விதைப்பு போனால் மறுவிதைப்புக்கு இன்னொரு 8 கிலோ வீட்டில் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் கடையில் கிடைப்பது எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது.

பண்ணைக்குட்டை பற்றி ஒரு கணக்கு மட்டும். மேலே 20-க்கு 20 மீட்டர், 2 மீட்டர் ஆழம், பக்கச் சரிவு ஒன்றரைக்கு ஒன்று என்றால் கொள்ளளவு சுமார் 5.8 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் என்பது 2 லட்சம் லிட்டர். வெயிலும் காற்றும் குடித்தது போக பயிர் வாடும்போது அதைக் காப்பாற்ற இரண்டு உயிர்த்தண்ணீர் கிடைக்கும். குட்டை 10 சென்ட் நிலத்தைத் தின்னும். கரிசலில் தண்ணீர் நிற்கும். திசையன்விளை, சாத்தான்குளம் செம்மணலில் தார்ப்பாய் விரிக்காமல் வெட்டினால் பள்ளம்தான் மிஞ்சும்.

களக்காடு, திருக்குறுங்குடி ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு வெள்ளத்தைவிடக் காற்றே எமன். வாழைக்கு மூன்று நாள் தண்ணீர் தேங்கக் கூடாது, இரண்டு வரிசைக்கு ஒரு வடிசால் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பு ஊன்றும் செலவை மிச்சம் பிடித்து ஆடிக்காற்றில் தாரோடு சாயக் கொடுப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஓணச் சந்தை விலையை மட்டும் பார்த்து மொத்தத் தோட்டத்தையும் ஒரே வாரத்தில் வைக்காமல், இரண்டு மூன்று தவணையாக வைத்தால் எல்லாத் தாரும் ஒரே காற்றில் மாட்டாது.

இன்சூரன்ஸ் கட்டுங்கள், ஆனால் அது எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்று தெரிந்து கட்டுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விவசாயி பங்கு காருக்கு 2 சதவீதம், பிசானத்துக்கு ஒன்றரை, வாழைக்கு 5. பொது இழப்பீடு உங்கள் வயலை வைத்து வராது. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்க்காவிலோ (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டத்திலோ) நடத்தும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரி, உறுதி செய்யப்பட்ட மகசூலுக்குக் கீழே போனால்தான் வரும். அந்தப் பகுதியில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் உண்டு. கடைமடைக்காரர் இதைத்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. தனி வயல் இழப்புக்கு இடமுள்ள இடர்களிலும், அறுத்துக் காயப்போட்ட 14 நாளுக்குள் பருவம் தப்பிய மழையில் நனைந்தாலும், 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு உதவி எண் 14447-க்குச் சொல்ல வேண்டும். வயலின் நாலு பக்கமும் தெரியும் படம், தேதியோடு.

வாரத்துக்கும் (விளைச்சலில் பங்குக்கும்) குத்தகைக்கும் பயிரிடுபவர்தான் இதில் எப்போதும் விடுபடுகிறார். நிலம் ஒருவர் பெயரில், நட்டம் இன்னொருவர் தலையில். நிலத்துக்காரரிடம் குத்தகைச் சீட்டு எழுதி வாங்குவதற்கு விதைப்புக்கு முந்தைய வாரம்தான் நேரம். பணம் கைமாறும் நாளில் கேட்டால் தருவார், மழை பெய்த பின் கேட்டால் யோசிப்பார். கையோடு கிராம நிர்வாக அலுவலகத்தில் அடங்கலை (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவேட்டை) பார்த்துவிட வேண்டும். அதில் சர்வே எண்ணுக்கு எதிரே நெல் என்று ஏறியிருக்கிறதா, போன ஆண்டுத் தரிசு அப்படியே நிற்கிறதா என்று.